பெப்டைடு ஊசி வயதைக் குறைக்குமா?

‘எபிடாலான்’ என்ற வெள்ளைத் தூள் சிறு குப்பிகளில் இணையத்தில் விற்கிறது. கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயது குறையும் என்பது விற்பவர்களின் பேச்சு. குப்பியின் மேலோ ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றுதான் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

இந்த நம்பிக்கை பிறந்தது ஆய்வகத் தட்டில். மனித செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதில்லை என்று 1961-ல் அமெரிக்காவின் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினார்கள். ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் செல் நின்றுவிடுகிறது. உடனே சாவதில்லை, பெருத்து, தட்டையாகி, தட்டின் அடியில் ஒட்டிக் கிடக்கிறது. குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிதலிலும் குறைவதே முக்கியக் காரணம். அதை நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதி பெரும்பாலான உடற்செல்களில் வேலை செய்வதில்லை.

அலனின், குளூட்டாமிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம், கிளைசின் என நான்கே அமினோ அமிலங்கள் சேர்ந்த குறும் பெப்டைடு எபிடாலான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிமிர் கவின்சனின் குழு இதை உருவாக்கியது. 24 வாரக் கருவின் நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அவர்கள் வளர்த்தார்கள். தட்டு நிறைந்ததும் செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவார்கள். பெப்டைடு சேர்க்காத செல்களில் 34-வது மாற்றத்தோடு பிரிதல் நின்றுபோனது. பெப்டைடு சேர்த்த செல்களில் டெலோமியர் நீண்டது. அவை 44-வது மாற்றத்திலும் பிரிந்துகொண்டிருந்தன. 2004-ல் வெளியான இந்த முடிவு வியப்புக்குரியதுதான்.

ஆனால் தட்டில் பெப்டைடு நேராகச் செல்லைத் தொடுகிறது. உடலில் ரத்தத்திலுள்ள நொதிகள் குறும் பெப்டைடுகளை வேகமாக வெட்டிவிடுகின்றன. தோலில் பூசும் பெப்டைடுகளின் கதை வேறு. லோரன் பிக்கார்ட் 1973-ல் மனித ரத்தத்தில் கண்டறிந்த ஜி.எச்.கே. என்ற பெப்டைடு, தாமிரத்தோடு சேர்ந்து ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கொலாஜன் தயாரிக்கத் தூண்டுவது 1988-ல் தெரிந்தது. முகக் கிரீம்களில் அது இடம்பிடித்ததற்கு இதுவே அடிப்படை. சுருக்கம் சற்றுக் குறையலாம் என்பதோடு அந்த வாக்குறுதி நிற்கிறது. ஆயுளைப் பற்றி அது பேசுவதில்லை.

டெலோமியரை நீட்டும் ஊசி டெலோமரேஸைத் தூண்டக்கூடும் என்பதே எனக்குப் பெரிய கவலை. புற்றுநோய்களில் 85 விழுக்காட்டுக்கும் மேல், ஓயாமல் பிரிவதற்கு இதே நொதியைத்தான் பயன்படுத்துகின்றன. அறுபதைத் தாண்டியவரின் உடலில் மரபணுப் பிழை சேர்ந்த செல்கள் நிறையவே உண்டு. டெலோமியர் சுருங்கிப் பிரிதல் நிற்பது அவற்றுக்கு ஒரு தடை. அந்தத் தடையை இந்த ஊசி தளர்த்துமா என்பதைப் பல ஆண்டுகள் மனிதர்களைத் தொடரும் பெரிய ஆய்வு ஒன்றே சொல்ல முடியும். அதுவரை இதை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.