உரம் விற்ற காசு போதுமா?

நகரமும் குப்பையும் – 7

குப்பை லாரி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. அதே லாரிக்கு ஆறாவது வருஷமும் டீசல் போட, ஓட்டுநருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் மாதம் தவறாமல் சம்பளம் தரத்தான் கிடைப்பதில்லை. குப்பைக்கு ஆகும் மொத்தச் செலவில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அன்றாடம் நடத்தும் செலவுதான் என்கிறது, உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கை. ஏழை நாடுகளின் நகராட்சிகள் தங்கள் பட்ஜெட்டில் சராசரியாக 20 சதவீதத்தைக் குப்பைக்கே கொடுக்கின்றன. பணக்கார நாடுகளில் இது 4 சதவீதம்தான்.

டாக்காவில் குப்பைக்கான பணம் பல வழிகளில் வந்தது. திறந்த மேடாகக் கிடந்த மாதுவாயில் குப்பைக் கிடங்கைச் சீரமைக்க உதவியது ஒரு பழைய கடன். வங்கதேசம் தர வேண்டியிருந்த கடனை ஜப்பான் தள்ளுபடி செய்ய, அந்தப் பணம் வளர்ச்சிப் பணிகளுக்குத் திரும்பியது. அதில் ஒரு பங்கு மாதுவாயிலுக்குப் போனது. வீட்டு வாசலில் குப்பை எடுக்கும் வேலையோ, மாநகராட்சியை எதிர்பார்க்காமலே தொடங்கிவிட்டது. 1987-இல் கலாபாகான் பகுதியில் ரிக்‌ஷா வேன் ஓடத் தொடங்கியது. வீடுகள் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்தன. பிறகு நகரமெங்கும் அந்த வழக்கம் பரவியது. தெருமுனைத் தொட்டி வரை ஆகும் செலவு வீட்டுக்காரருடையது, அதற்கு மேல் மாநகராட்சியுடையது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வேன்காரர் ஒரு நாள் வராவிட்டால், காசு கொடுப்பவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

டாக்கா குப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மட்கக்கூடியது. அதை உரமாக்கி விற்கலாமே என்று 1995-இல் ‘வேஸ்ட் கன்சர்ன்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள் இஃப்தேகார் எனாயதுல்லாவும் மக்சூத் சின்ஹாவும். மீர்பூரில் லயன்ஸ் சங்கம் கொடுத்த இடத்தில் சிறிய உரக்கூடம் எழுந்தது. உரம் தரமாக வந்தது. ஆனால் அரசு மானியத்தில் யூரியா மலிவாகக் கிடைக்கும் நாட்டில், குப்பை உரத்தை என்ன விலைக்கு விற்க முடியும்?

அந்த இடைவெளியை நிரப்ப கார்பன் கிரெடிட் வந்தது. காய்கறிக் கழிவு கிடங்கில் புதைந்து அழுகினால் மீத்தேன் கிளம்பும். காற்றோட்டமாக மட்க வைத்தால் பெரும்பாலும் கிளம்பாது. தடுத்த மீத்தேனுக்குக் கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் கிரெடிட் வாங்கி விற்கலாம். நெதர்லாந்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 2008-இல் புல்தாவில் பெரிய உரத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். தினம் 700 டன் என்பது திட்டம். முதலில் எழுந்தது 130 டன்னுக்கான ஆலை. டாக்காவின் சந்தைக் கழிவைச் சொந்தச் செலவிலேயே ஏற்றி வந்தார்கள்.

பிறகு, கிரெடிட்டை அதிகம் வாங்கிய ஐரோப்பாவில் பொருளாதார மந்தம் வந்தது, கார்பன் சந்தையில் கிரெடிட் குவிந்தது. 2008-இல் டன்னுக்கு 20 யூரோவைத் தாண்டியிருந்த விலை, 2012 முடிவில் 1 யூரோவுக்கும் கீழே போனது. சந்தையில் அழுகும் முட்டைக்கோஸ் குறையவில்லை, அதை அள்ளும் கூலியும் குறையவில்லை. அவற்றைச் சுமக்க உதவ வேண்டிய வருமானம் மட்டும், டாக்காவில் யார் கையிலும் இல்லாத காரணங்களால் கரைந்துவிட்டது.

ஆலைக்குப் போகும் ஒவ்வொரு டன்னும் மாநகராட்சிக்கு லாரிச் செலவையும் கிடங்கில் இடத்தையும் மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை, டன்னுக்கு இவ்வளவு என்று, ஆலைக்கே கொடுத்திருக்க வேண்டும். அது தானமாகாது. நகரம் தனக்குக் கிடைத்த சேவைக்குத் தரும் விலை. இந்த ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், கார்பன் பணம் வந்தால் ஆலை பெருகியிருக்கும். வராமல் போனாலும் தள்ளாடியிருக்காது. வெளியிலிருந்து வரும் பணத்தைக் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கூலியையும் டீசலையும் ஊருக்குள்ளிருந்தே திரட்ட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

மீர்பூர் உரக்கூடத்தின் சிறிய மாதிரியை ஐ.நா.வின் ஆசிய–பசிபிக் ஆணையம் இலங்கையின் மாத்தளைக்குக் கொண்டுபோனது. அங்கே வீடுகளின் பங்கு என்ன, மாநகர சபையின் பங்கு என்ன என்ற கணக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)