இதழில் பலித்த கணக்கு

ஒரு சந்தையில் வென்ற உத்தி மறுசந்தையில் பலிக்காது என்பதை விளக்க, வகுப்பில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டியவர் அமெரிக்கரான ஜான் பிரிஸ்பன் வாக்கர் (1847-1931).

1889-இல் நலிவுற்றிருந்த 'காஸ்மோபாலிடன்' இதழை அவர் வாங்கினார். 1893-இல் விலையைப் பன்னிரண்டரை செண்டாகக் குறைத்தார். விலை குறைய வாசகர் பெருகினர். வாசகர் பெருக விளம்பரம் குவிந்தது. எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவல் 1897-இல் அமெரிக்க வாசகரை எட்டியதும் இவ்விதழின் வழியேதான்.

1899-இல் வாக்கரும் ஆம்சி பார்பரும் ஸ்டான்லி சகோதரர்களின் நீராவிக் கார் தொழிலை 2.5 லட்சம் டாலருக்கு வாங்கினர். விரைவிலேயே கூட்டு முறிந்தது. வாக்கர் நியூயார்க் மாநிலத்தின் டாரிடவுனில் தனித்துத் தொடங்கிய 'மொபைல்' நிறுவனம் சில ஆண்டுகளே நீடித்தது. இதழின் செலவை விளம்பரதாரர் பகிர்ந்துகொண்டார். காரின் முழு விலையையும் வாங்குபவரே தர வேண்டும். கொதிகலன் சூடேறக் காத்திருந்து, வழியில் அடிக்கடி நீரும் நிரப்ப வேண்டிய வண்டிக்கு அவர் ஏன் பணம் தருவார்? பெட்ரோல் கார் முந்தியது. 1905-இல் இதழும் ஹெர்ஸ்ட் வசமாயிற்று.

இன்று இலவசமாகச் செய்தி படிக்கும் நாமும் வாக்கரின் கணக்குக்குள்தான் இருக்கிறோம். செலவை ஏற்பவர் வேறொருவரானால், இதழின் கவனமும் மெல்ல அவர் பக்கம் சாயும். வாசகர் செலுத்தும் சிறு சந்தாவின் பொருளாதாரப் பயன், அந்தச் சாய்வைத் தடுப்பதே.