பாட்டி கையில் கொடுத்துப் பாருங்கள்!

சிங்கப்பூரில் தேக்காவை அடுத்திருப்பது ஜாலான் புசார். மலாய் மொழியில் 'பெரிய சாலை' என்று பொருள். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், இவ்வட்டார மக்களுக்கும் தஞ்சோங் பகார் மக்களுக்கும் ஒரு சிறு கருவி வழங்கப்பட்டது. சட்டைப் பையில் அடங்கும் அக்கருவி பிறந்த கதையில் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறது.

கோவிட் நோய் பரவிய காலம் அது. நோயாளியின் அருகில் இருந்தவர்களை விரைவாகக் கண்டறிய, அந்த ஆண்டு மார்ச் 20-இல் 'டிரேஸ்டுகெதர்' என்ற கைத்தொலைபேசிச் செயலியைச் சிங்கப்பூர் அரசாங்கம் வெளியிட்டது. இரண்டு தொலைபேசிகள் பக்கத்தில் வந்தால் புளூடூத் அலைகளால் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூன் தொடக்கத்தில் சுமார் 15 லட்சம் பேரே அதைப் பதிவிறக்கம் செய்திருந்தனர். மக்கள்தொகையோ ஏறத்தாழ 57 லட்சம்!

குறை மக்களிடமா? ஐஃபோனில் அச்செயலியைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. மின்கலமும் சீக்கிரம் தீர்ந்தது. நவீனத் தொலைபேசியே இல்லாத முதியவர் என்ன செய்வார்? அந்நோயால் அதிக ஆபத்து அவருக்குத்தானே?

ஆகவேதான் புதிய கருவி வந்தது. அதில் திரை இல்லை. அழுத்தப் பொத்தான் இல்லை. அன்றாடம் மின்னேற்றவும் வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டால் போதும். ஜூன் 28 முதல் முதியவர்கள் சிலருக்கும், பிறகு தீவு முழுவதற்கும் அது கிடைத்தது.

இத்தகைய சிக்கல்களை முன்கூட்டியே அறிய வழி உண்டு. பயன்படுத்தப் போகிறவரை உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 5 பேரிடம் இப்படிச் சோதித்தாலே 85 விழுக்காட்டுக் குறைகள் தெரிந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் அந்த ஐவரும் படித்த இளைஞர்களாகவே இருந்தால், பாட்டியின் சிரமம் எப்படித் தெரியும்?

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில், மருந்துப் புட்டியின்மேல் பல் பல்லாகக் கத்தரித்த காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. எழுத்தறியாதவரும் அளவு தவறாமல் குடித்தார். அதுவல்லவா அறிவு!

கைக்கு எளிதாக இருந்தால் மட்டும் போதாது. மனத்துக்கும் நம்பிக்கை வேண்டும். டிரேஸ்டுகெதர் தகவல்கள் நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டது. காவல்துறையும் அவற்றைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோது மக்கள் மனம் கசந்தனர். 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம் என்று மறுமாதமே சட்டம் நிறைவேறியது. 2023-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்து, கருவிகள் சமூக மன்றங்களில் திரும்பப் பெறப்பட்டன.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் வீடுகளுக்கும் இரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, செயலி என்று வந்துகொண்டே இருக்கின்றன. வாங்கும்போதே தாதியின் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். "இந்த இடத்தில் விளங்கவில்லை" என்று கூசாமல் சொல்லுங்கள். இந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். பாட்டி தடுமாறினால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். திருந்த வேண்டியது கருவி!