நடுகல் யாருக்கு?

வீரம் என்ற சொல்லை இன்று அதிகம் புழங்குபவை சாதி மாநாட்டுச் சுவரொட்டிகள்தாம். 'ஆண்ட பரம்பரை' என்று போட்டுப் புறநானூற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அழைக்கட்டும். அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று நாமும் கேட்போம்.

மாங்குடி கிழாரின் 335ஆம் பாட்டு சிதைந்த நிலையில் கிடைத்த ஒன்று. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கையே அது குடிகளாக எண்ணுகிறது. களத்தில் யானையைக் கொன்று மாண்டவனின் கல்லைத் தவிர வணங்கத்தக்க தெய்வம் வேறில்லை என்றும் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. தமிழ்ப் பிராமி எழுத்தில் அவன் பெயர் இருக்கிறது. எந்த அரசன் பெயரும் இல்லை. பரம்பரை பார்த்தா அவனுக்குக் கல் நட்டார்கள்? ஊருக்காகச் செத்தான், நட்டார்கள்.

இதைக் கொண்டு அது சமத்துவப் பொற்காலம் என்று நாம் கொண்டாடிவிடவும் கூடாது. அதே தொகையின் 287ஆம் பாட்டு துடி கொட்டுபவனைப் 'புலைய' என்றும் 'இழிசின' என்றும் விளிக்கிறது. அவன் கொட்டாமல் போர் தொடங்காது. ஆனாலும் விளி அதுதான். பகைவர் ஊரை எரிப்பதற்கும் தொல்காப்பியம் வஞ்சித் திணையில் ஒரு துறை வைத்திருக்கிறது. அந்த வீரம் நமக்கு வேண்டாம். பிறர் மாட்டைக் கவர்வது வெட்சி. பறிபோனதை மீட்பது கரந்தை. நான் எடுத்துக்கொள்வது கரந்தையை மட்டும்.

வடசென்னையில் பறிபோனவற்றுக்குக் கணக்கே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளினார்கள், பலர் வெறுங்கையால். அதைத் துணிச்சல் என்று புகழ்வது எளிது. கையுறை கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சியில் மறைந்துவிடும்.

2020இல் தூய்மைப் பணியாளர்களுக்கு 'முன்கள' வீரர்கள் என்று மாலை போட்டு, பூத் தூவி, காலையும் கழுவினார்கள். ஐந்தே ஆண்டுகளில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை எதிரே அவர்கள் உட்கார வேண்டிவந்தது. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது.

அவர்களில் பெண்கள் ஏராளம். ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில் வரும் தாய், இருக்கும் ஒரே மகனுக்குத் தலைவாரி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புவாள். இந்தப் பெண்கள் யாரையும் அனுப்பவில்லை. தாங்களே பதின்மூன்று நாள் நடைபாதையில் இருந்தார்கள்.