வற்றிய ஏரியில் தூண்டில்காரருக்கு வேலை

கோடையில் ஏரி வற்றியதும் தூண்டில் பிடிப்பவர்கள் கழியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் ஏரிக்கு அவசியம் போக வேண்டிய காலமே அதுதான். மீன் பிடிக்க அல்ல, தரையைப் பார்க்க.

நிறைந்த ஏரி மேலே ஒரே மட்டமாகத் தெரியும். அதற்காக மீன் எல்லா இடத்திலும் பரவி நிற்பதில்லை. பள்ளத்தின் விளிம்பு, மரத்தூர், கல்குவியல் என ஏதோ ஒன்றை ஒட்டியே நிற்கும். அங்கே நிழல் உண்டு, பதுங்க இடம் உண்டு, தின்னப் பாசியும் புழுவும் உண்டு.

நம் ஏரிகள் பெரும்பாலும் ஒருபக்கச் சரிவு கொண்டவை. வரத்துக்கால் நுழையும் பக்கம் ஆழம் குறைவு; கரையை நெருங்க நெருங்க ஆழம் கூடும். இது ஊருக்கே தெரியும். தெரியாமல் கிடப்பவை நடுவில்தான். வண்டல் அள்ளிய குழிகள் செங்குத்தான விளிம்போடு இருக்கும். வரத்துக்கால் ஏரிக்குள்ளும் ஒரு தடம் போட்டிருக்கும். பழைய ஏரிகளில் கரையைவிட்டு உள்ளே தள்ளிக் கல்தூண்களோடு குமிழித்தூம்பு நிற்கும். அதன் கல்தொட்டியும் துளைகளும் நீரில் மூழ்கியபின் மீனுக்கு நல்ல ஒதுக்கிடம்.

ஏரிக்குள் வளர்ந்த கருவேல மரங்களை அருகில் போய்ப் பாருங்கள். அடிமரத்தில் ஓர் உயரம் வரை சேறு படிந்து வெளுத்திருக்கும். அதற்கு மேல் பட்டை தன் இயல்பான கருமையோடு இருக்கும். அந்தக் கோடுதான் போன முறை நீர் நின்ற மட்டம். தரையிலிருந்து கோடு வரை அளந்தால் அந்த இடத்தின் ஆழம் கையில். கோடு ஆறடியில் இருக்கிறது, அன்று ஏரி கலங்கல் வரை நிறைந்திருந்தது என்று வையுங்கள். அடுத்த முறை நீர் கலங்கலுக்கு இரண்டடி கீழே நின்றால் அந்த மரத்தடியில் நாலடி ஆழம். தரையில் மேயும் மிர்காலுக்குத் தக்கையை நாலடியில் கட்டலாம். நடுநீரில் திரியும் ரோகுவுக்கு இரண்டரை அடி போதும். கலங்கல் பெருக்கெடுத்த ஆண்டானால் கோடு சற்று மேலே இருக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஓரத்து மண்ணில் தாம்பாளம் போல வட்ட வட்டமாகக் குழிகள் தெரிகின்றனவா? அவை ஜிலேபிக் கெண்டையின் வேலை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவைத்தான் நம்மூரில் அப்படிச் சொல்கிறார்கள். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளித் துப்பிக் கூடு தோண்டும். முட்டையிட்டதும் பெண் மீன் அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குழிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து வையுங்கள். அதே மண், அதே ஆழம் கிடைத்தால் அவை அங்கே திரும்பவும் கூட வாய்ப்பு அதிகம்.

மிச்சமிருக்கும் குட்டையில் மீன் குவிந்திருக்கிறதே, அதை விடுவானேன் என்று தோன்றும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடிவதற்குச் சற்று முன் நிலைமை மோசம். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் அவற்றுக்கு இரையில் நாட்டமிருக்காது. விரால் மட்டும் விதிவிலக்கு. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். அதற்கு வேண்டுமானால் முள் போடலாம், அதுவும் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

பெரிய அணைகளில் பார்க்க இன்னும் நிறைய உண்டு. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. நீர் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகிறது. தூண்டில்காரர் சுற்றுமுற்றும் கிடக்கும் இடிந்த சுவர்களையும் காவிரியின் பழைய தடத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

நடக்கும்போது கையில் நீளக் கழி இருக்கட்டும். மேலே வெடித்துக் காய்ந்த வண்டலுக்கு அடியில் இடுப்பளவு சேறு இருக்கக்கூடும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குத்திப் பாருங்கள். கழி எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுதிக்கொண்டால், ஈயக்குண்டு எங்கே புதையும், எங்கே தரையில் நிற்கும் என்பதும் மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.