குதிரை குடிக்காத ஏரி

கிண்டிக் குதிரைப்பந்தய மைதானத்தின் குத்தகையை அரசாங்கம் 2024 செப்டம்பரில் ரத்துச் செய்ததும், அந்த வெளியில் மாநகராட்சியின் இயந்திரங்கள் இறங்கி, வேளச்சேரிப் பக்கத்து மழைவெள்ளத்தைத் தாங்கும் நிமித்தம் குளங்கள் வெட்டியதும் பத்திரிகை வாசிக்கும் எல்லாரும் அறிந்த சமாசாரம். அதைப் படித்த வாசகர் ஒருவர் எழுதிக் கேட்கிறார்: குத்தகை ரத்தான பிறகு கிண்டியில் குளம் வெட்டினார்கள், ஆனால் பந்தயம் மும்முரமாக நடக்கும் அமெரிக்க மைதானங்களிலும் ஓடுபாதையின் நடுவே ஏரி தென்படுகிறதே, அது குதிரைகள் தண்ணீர் குடிப்பதற்கா, அல்லது பணத்தைத் தோற்றவர்கள் மனத்தை ஆற்றிக்கொள்வதற்கா?

குதிரைகளுக்கும் அந்த ஜலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பந்தயக் குதிரை லாயத்தில் வாளியில் வைத்ததைக் குடிக்கும் பிராணி; அதற்குக் கொட்டிக்கொடுத்த எஜமானர், வாத்து நீந்தும் குட்டையில் அதை வாய் வைக்க ஒருநாளும் விடமாட்டார். ஏரி காற்றைக் குளிர்விக்கிறது, குதிரையின் நரம்புகளுக்குச் சாந்தி அளிக்கிறது, பறவைகளுக்குச் சரணாலயமாகிறது என்றெல்லாம் விளம்பரக்காரர்கள் சொல்வதுண்டு. பறவைகள் வருவது வாஸ்தவம். தண்ணீர் எங்கே தேங்கினாலும் அவை வரும். மற்றவற்றை நம்புவதற்கு, சவுக்கடிக்கு நடுவே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை இயற்கைக் காட்சியை ரசிக்கிறது என்றும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும்.

காரணத்தைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு மைல் சுற்றளவும் சுமார் 25 மீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டப் பாதை ஒன்று, ஏறக்குறைய 37 ஏக்கர் நிலத்தைத் தனக்குள் வளைத்துக்கொள்கிறது. பாதை நீரில் மூழ்காதிருக்க அதை நடுநிலத்தைவிட உயர்த்தித்தான் அமைப்பார்கள். ஆகவே நடுநிலம், தான் விரும்பாமலே நாற்புறமும் கரைகட்டிய பள்ளமாகிவிடுகிறது. 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் பாதையின்மேல் மட்டும் 10 லட்சம் லிட்டரும், நடுநிலத்தின்மேல் 37 லட்சம் லிட்டருக்கு மேலும் விழுகின்றன. இவ்வளவும் வெளியேற வேண்டுமானால் பாதைக்கு அடியில் புதைத்த குழாய்களின் வழியாகவே போக வேண்டும், அந்தக் குழாய்களோ தம் வாய்க்கு அடங்கியதை மட்டுமே விழுங்கும், மிச்சம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எப்படியும் தேங்கப்போகிற தண்ணீருக்குக் கரையும் வடிவமும் கொடுத்தால் அதற்கு ஏரி என்று பெயர். ஃபுளோரிடா போன்ற தாழ்ந்த பிரதேசத்தில் பாதையை உயர்த்த மண் வேண்டும். நடுவில் தோண்டினால் மண்ணும் கிடைக்கும், சில அடி ஆழத்திலேயே நிலத்தடி நீரும் ஊறிப் பள்ளம் தானாகவே நிறையும். தவிரவும், எதிர்ப்புற ஓட்டத்தைக் காண்பதற்கே ஜனங்கள் சீட்டு வாங்கியிருப்பதால், அங்கே மாடியோ தோப்போ எழுப்ப முடியாது. தண்ணீர் யார் கண்ணையும் மறைப்பதில்லை.

பாதையில் விழும் நீர் ஏன் உட்பக்கமாகவே வருகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் வரும் குதிரை 127 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும்போது, அதன் எடையில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான விசை பக்கவாட்டில் தேவைப்படுகிறது. அதைச் சரிவினால் மட்டுமே ஈடுகட்ட நினைத்தால் பாதை கூரைபோல் சாய்ந்துவிடும். ஆகையால் வளைவில் நூற்றுக்குச் சில பங்கு மாத்திரம் உள்நோக்கிச் சரித்து, பாக்கியைக் குளம்பின் பிடிப்புக்கு விட்டுவிடுகிறார்கள். நேர்ப்பாதையிலும் சொற்பச் சரிவு உண்டு. குதிரைக்காக ஏற்பட்ட இந்தச் சாய்வைத் தண்ணீரும் பயன்படுத்திக்கொண்டு உள்வேலியை நோக்கி ஓடுகிறது. மழைநாளில் சவாரிக்காரர்கள் உள்வேலியோரத்தை விட்டு விலகி ஓட்டுவதை அடிக்கடி காணலாம். தூரம் கூடினாலும் கால் புதையாதே என்ற யோசனைதான்.

அந்த நீர் ஏன் அப்படியே மண்ணுக்குள் இறங்கிப் போகக்கூடாது? இங்கேதான் விஷயம் சுவைப்படுகிறது. இங்கிலாந்தில் எப்ஸம் போன்ற இடங்களில் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் வளர்ந்த புல்தரையில் ஓடுகிறார்கள். அங்கே நீர் கீழே இறங்கிவிடும், ஏரிக்கு அவசியம் இல்லை. அமெரிக்கர்களுடையதோ மண்பாதை: இறுக்கி அமைத்த கெட்டியான அடித்தளம், அதன்மேல் மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மணலும் வண்டலும் சிறிது களியும் கலந்த மெத்தை. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை முழுவேகத்தில் ஓடும்போது ஒற்றைக் காலின்மேல் அதன் எடையைப்போல் இரண்டரை மடங்கு பாரம், விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு, இறங்குகிறது. அந்தக் கண நேரத்துக்குள் குளம்பு மண்ணில் பட்டுச் சற்றே வழுக்கி நிற்க வேண்டும், பாரம் தாங்க வேண்டும், பிறகு நுனியை ஊன்றிப் பின்னே உதைத்து எழ வேண்டும். முதலில் இளகிக் கொடுத்து, முடிவில் இறுகி நிற்கும் மண் வேண்டும். அந்த இரட்டைக் குணத்தை அதற்கு அளிப்பது ஈரப்பதம் ஒன்றே.

புட்டுக்கு மாவு பிசறியவர்களுக்கு இந்தப் பௌதிகம் கைப்பழக்கம். மாவு பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அதுதான் பதம். இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் சிறு துளி நீர் நின்று, மெலிந்த கழுத்துபோல் அவற்றை இணைக்கிறது. அந்தக் கழுத்தின் மேற்பரப்பு உட்குழிந்திருப்பதால் நீருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, துகள்கள் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன, பரப்பு இழுவிசையும் அதற்குத் துணை செய்கிறது. துகள் நுண்ணியதாக ஆக இந்தக் கட்டு பலக்கும். மேலும் தண்ணீர் விட்டால் கழுத்துகள் பருத்து ஒன்றோடொன்று கலக்கின்றன, இடையிலிருந்த காற்று ஓடுகிறது, உட்குழிவு மறைகிறது, அதோடு இழுவையும் மறைகிறது, புட்டு கூழாகிவிடுகிறது. ஒட்டவைத்த அதே நீர்தான் பிரித்தும் வைக்கிறது என்ற இந்த விந்தை எனக்கு எத்தனை தடவை யோசித்தாலும் அலுப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பான் என்பவரின் குழுவினர் 2012-இல் மணற்கோபுரங்கள் கட்டிப் பார்த்து, சுத்தமான மணலுக்குக் கன அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு நீரே உச்ச பலம் தருகிறது என்று கண்டார்கள். களியும் வண்டலும் கலந்த பந்தய மண் இதைவிட அதிகமாகவே குடிக்கும். ஆனாலும் பதம் என்பது ஒரு குறுகிய எல்லைதான். கருவிகள் எத்தனை வந்தாலும், பாதையைக் கண்காணிப்பவர் காலையில் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் அழுத்தி, விரலால் உடைத்துப் பார்க்கும் வழக்கம் ஒழியவில்லை. அடுக்களையில் நிற்கும் எந்தப் பாட்டிக்கும் அந்தக் கை அசைவு விளங்கும்.

உவமையை இன்னும் கொஞ்சம் ஓட்டுகிறேன், பொறுத்தருள்க. மாவு பதமாக இருக்கையில் தட்டின்மேல் யாரோ ஒரு சொம்பு நீரைக் கவிழ்க்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்யலாம்? உள்ளங்கையால் மாவின் மேற்பரப்பை அழுத்தித் தட்டி, துளையே இல்லாமல் வழவழப்பாக்கி, தட்டையும் சற்றுச் சாய்த்துவிட்டால், கவிழ்ந்த நீர் உள்ளே புகாமல் ஓரத்துக்கு ஓடி, அங்கே வைத்த பாத்திரத்தில் விழும். இதையேதான் பந்தய மைதானத்தில் செய்கிறார்கள். வெயில் நாளில் டிராக்டரில் பலுகு பூட்டி மண்ணைக் கிளறி இளக்கும் அதே ஆட்கள், மேகம் கறுத்தவுடன் பலுகைக் கழற்றிவிட்டுக் கனத்த பரம்பை இழுத்து மெத்தையை இறுக்கி மூடிவிடுகிறார்கள். மழை வந்தால் மேலே மூடியின்மீது ஓடி, சரிவில் இறங்கி, உள்வேலியைக் கடந்து ஏரியில் விழுகிறது. ஏரிதான் ஓரத்துப் பாத்திரம்.

இதன் பலனாக, பார்ப்பவர் திகைக்கும் காரியம் ஒன்று நடக்கிறது. மேலே நீர் பளபளக்கும் பாதை, அடியில் கெட்டியாக இருப்பதால், அதில் பந்தயம் வேகம் குறையாமலே ஓடலாம். நீர் உள்ளே புகுந்து கலங்கிய பின், மேலே நீரே தெரியாத சேறுதான் காலை இழுக்கும். 2018-ஆம் வருஷத்துக் கென்டகி டெர்பி நாளில் மூன்று அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியும் பந்தயம் நடந்ததும், ஜஸ்டிஃபை என்ற குதிரை அந்த நீரில் ஓடி வென்றதும் இந்த மூடியின் புண்ணியத்தால்தான். டெர்பி நடக்கும் அந்த மைதானத்தின் நடுவே ஏரி கிடையாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: டெர்பி நாளில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் சீட்டு வாங்கி நிற்கிறார்கள். நிலத்தை விற்க முடிகிற இடத்தில் தண்ணீரை நிலத்தடிக் குழாய்களுக்கு அனுப்பிவிடுவது வியாபார தர்மம்.

ஆனால் மூடி இறுக்கிய மண் கடினமானது; அதை எலும்பு உணரும். கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானத்தில் 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2019 ஜூனில் முடிந்த பருவத்தில் 30 குதிரைகள் இறந்தபோது, அந்தக் குளிர்காலத்துப் பெருமழையும், பாதையைத் திரும்பத்திரும்ப மூடித் திறந்ததும் பெரிய விவாதத்துக்கு உள்ளாயின. மருந்து, முன்பே இருந்த காயம், பயிற்சியின் கடுமை என்று வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஒற்றைக் காரணம் கேட்பவர்களுக்கு ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை.

மழையில்லாத நாளில் வேலை தலைகீழாகிறது. வெயில் மெத்தையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பந்தயத்துக்கும் நடுவே தண்ணீர் லாரிகள் பாதையைச் சுற்றித் தெளித்து வருகின்றன. ஏரி நீரையே இதற்கும், பக்கத்துப் புல்பாதைக்கும் இறைத்துக்கொள்ளும் மைதானங்கள் உண்டு. பார்வையாளர் மாடத்தின் நிழல் விழும் நேர்ப்பாதை மெதுவாகவும், எதிர்ப்புறம் சீக்கிரமாகவும் காயும். வளைவில் லாரியின் உட்சக்கரம் குறைந்த தூரமும் வெளிச்சக்கரம் அதிக தூரமும் போவதால், குழாய் ஒரே அளவில் பீச்சினாலும் உள்ளோரம் அதிகம் நனையும். இந்தச் சில்லறை வித்தியாசங்களைக் கவனிக்காவிட்டால், ஒரே சுற்றில் குதிரை இரண்டு மூன்று விதமான மண்ணை மிதிக்க நேரும்.

சரித்திரத்தையும் ஒப்புக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியை அலங்காரமாகப் பிரசித்தப்படுத்தியது ஃபுளோரிடாவின் ஹயலியா மைதானம். 1930-களில் அதன் நடுவே கியூபாவிலிருந்து பூநாரைகளைக் கொண்டுவந்து விட்டு, பிறகு அவற்றின் பெயரிலேயே ஒரு பந்தயமும் நடத்தினார்கள். நியூயார்க் மாகாணத்துச் சரடோகாவில் ஏரியில் ஒரு தோணி மிதக்கிறது; டிராவர்ஸ் பந்தயத்தில் வென்ற குதிரையின் எஜமானருக்குரிய வர்ணங்களை அதற்குப் பூசுவது வழக்கம். வடிகாலுக்கு இப்படிச் சீமந்தம் செய்வதில் அமெரிக்கர்கள் வல்லவர்கள்.

மூடுவதும் நனைப்பதுமான இந்தத் தொல்லை முழுவதையும் ஒழிக்கிறோம் என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. மணலுக்கு மெழுகு தடவி, செயற்கை நாரும் ரப்பர்த் துணுக்கும் கலந்து (புட்டில் நெய்யும் தேங்காய்த்துருவலும் சேர்ந்துவிட்டன), மழைநீர் நேரே கீழிறங்கி மறையும் பாதை செய்தார்கள்: சரிவு வேண்டாம், மூடி வேண்டாம், தண்ணீர் லாரியும் ஏறக்குறைய வேண்டாம் என்றார்கள். கலிஃபோர்னியப் பந்தய வாரியம் 2006-இல் பெரிய மைதானங்கள் எல்லாம் இதற்கு மாற வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டது. மாறிய சாண்டா அனிடாவில், 2008 ஜனவரி மழையில், கீழே இறங்குவதாக வாக்களிக்கப்பட்ட நீர் கீழே இறங்கவில்லை. நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொண்டன, பல நாட்கள் பந்தயமே ரத்தாயிற்று. கடலோரத்து டெல் மார் மைதானத்தில் மெழுகு காலையில் விறைத்தும் மத்தியானத்தில் இளகியும், ஒரே நாளில் இரண்டு பாதைகளாக நடந்துகொண்டது. செயற்கைப் பாதையில் மரண விபத்துகள் குறைவு என்பதற்குப் புள்ளிவிவரம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. நீரை ஜயித்துவிட்டோம் என்ற பேச்சுத்தான் நிற்கவில்லை. 2010 டிசம்பரில் சாண்டா அனிடாவும், 2015-இல் டெல் மாரும் பழைய மண்ணுக்கே திரும்பின. பலுகும் பரம்பும் தண்ணீர் லாரியும் அவற்றோடு வந்து சேர்ந்தன.