ஏரிப் பாசனமும் ஊர்க் கட்டுப்பாடும்

ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் ஆயக்கட்டுக்காரர் யாவரும் நல்லவர்களே. ஜலம் குறைந்து, பயிர் கதிர் வாங்கும் சமயத்தில்தான் ஊராரின் ஒற்றுமை சோதிக்கப்படுகின்றது. தலைமடைக்காரருக்கு இன்னும் ஓர் இரவு பாய்ச்சிக்கொள்ள ஆசை. கடைமடைக்காரருக்குத் தம் முறை வருமுன் நீர் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம். அவரவர் நோக்கில் இருவரும் நியாயஸ்தரே. ஆயினும் இருவரும் தத்தம் மனம்போல் நடப்பின் ஆயக்கட்டு முழுவதும் கெடும்.

இதனை உணர்ந்தே முன்னோர் மதகை ஒருவர் பொறுப்பில் விட்டனர். நீர்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடையர் எனச் சீமைக்கொரு பெயர் அவருக்குண்டு. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. முறை வைத்து வயல்களுக்கு நீர் விடுவதும், பெருமழையில் கரையைக் காவல் காப்பதும் அவரே. நிலத்துக்குடையவர் தாமாக வாய்க்காலை வெட்டலாகாது என்பது கட்டுப்பாடு. அறுவடைக் களத்தில் ஒவ்வொருவரும் அவருக்கு நெல் அளந்தனர். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இல்லாதபடியால் எவர் வயலுக்கும் சாய்வதற்கு அவருக்குக் காரணமில்லை. கூலி எல்லோர் விளைச்சலிலிருந்தும் வருவதால், கடைமடை காய்ந்தால் அவருக்கும் நஷ்டமே.

இந்த ஏற்பாட்டின் பயன் யாதெனில், நீர் குறையும்போது குடியானவர் அண்டை வயல்காரரோடு சச்சரவு செய்ய வேண்டுவதில்லை; முறைக்குக் காத்திருந்தால் போதும். பிறர் காத்திருப்பதைக் கண்டு தாமும் காத்திருப்பார். ஆனால் ஒருவர் இரவில் மடையை உடைத்து, கேட்பாரின்றித் தப்பினால், மறுநாள் இரவு பத்துப்பேர் மண்வெட்டியுடன் வருவர். அந்தப் பத்துப்பேரும் முன்தினம் யோக்கியமாகக் காத்திருந்தவர்களே. மனிதர் மாறவில்லை, கட்டுப்பாடு தளர்ந்தது.

பொறுப்பேற்போருக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட இவை, அவ்வூர்ப் பிரமதேயச் சபையின் தேர்தல் விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியத்துக்கு அறுவர், 360 நாட்களுக்கு, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் தகுதியற்றவர். கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

குடிமராமத்தும் இவ்வகையதே. வண்டல் வாரவும் வாய்க்கால் வெட்டவும் வீட்டுக்கொருவர் வருவது வழக்கம். சென்னை ராஜதானியில் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழக்கத்தை மீறுவோரிடம் வேலையின் மதிப்பில் இரு மடங்கு வசூலிக்க இடமளித்தது. எனினும் சட்டத்தால் குடிமராமத்து தழைத்ததெனச் சொல்வதற்கில்லை. அண்டை வீட்டார் மண்வெட்டியுடன் கரையில் நிற்கும்போது தாம் மட்டும் திண்ணையில் இருக்க நாணும் மனமே அதனை நடத்திற்று.

இந்நாளில் கட்டுப்பாடு தளரக் காரணங்கள் பல. சொந்தக் கிணறும் மின் பம்பும் உடையவருக்கு ஏரியின் முறை பெரிதாகத் தோன்றுவதில்லை. ஊர்க்கூட்டத்துக்கு அவர் வருவதும் குறைகின்றது. ஏரி நிறைந்தால்தான் தம் கிணற்றிலும் ஊற்று நிற்கும் என்பதை அவர் மறக்கலாகாது. மற்றொன்று, நீர்கட்டியின் வேலை பல ஊர்களில் பிறப்பால் சிலர்மேல் சுமத்தப்பட்டிருந்தது, கூலியோ சொற்பம். அவர் மக்கள் வேறு தொழில் நாடியது நியாயமே. பதவி அவசியம், அதனைச் சாதியோடு பிணைப்பது அவசியமன்று.

பொதுச் சொத்துக்களைப் பயன்படுத்துவோரே எவ்வாறு நிர்வகிக்கின்றனர் என்று பல நாடுகளில் ஆராய்ந்து, 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம் அம்மையாரும், கண்காணிப்போர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தலும், தவற்றுக்கேற்பப் படிப்படியாக உயரும் தண்டனையும் இன்றியமையாதவை எனக் கண்டார்.

ஆதலின் ஆயக்கட்டுக்காரரும் கிராம நிர்வாக அலுவலரும் கவனிக்க வேண்டுவன:

1. மதகுக்கு ஒருவரை நியமித்து, தக்க கூலியை முன்னதாகவே நிர்ணயித்தல்.

2. நீர் விடும் முறையைச் சாகுபடி தொடங்குமுன் ஊர்க்கூட்டத்தில் எழுதி, யாவரும் காணும்படி ஒட்டுதல்.

3. முதல் தவற்றுக்குச் சிறு அபராதமும், மறு தவற்றுக்கு அதிகமும் விதித்தல், செல்வாக்குடையவருக்கும் அதுவே.

4. மீன் குத்தகை முதலிய ஏரி வருமானத்தின் கணக்கை ஆண்டுதோறும் கூட்டத்தில் படித்தல்.

இவற்றுள் மூன்றாவதே கடினமானது. பெரிய நிலத்துக்காரர் ஒருவர் தம் முறைக்குக் காத்திருப்பதை ஊரார் கண்டால், மற்ற மூன்றும் எளிதில் நடைபெறும்.